அம்மாவின் நெஞ்சுக்கு ஒரு பேட்டரி

கண்ணியமான மரணம் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். முதுமையில் கருவிகளைப் பூட்டி ஆயுளை நீட்டிக்கொண்டே போவது யாருடைய ஆசைக்காக என்றெல்லாம் அதில் கேட்டிருந்தேன். நாலு பேர் பாராட்டினார்கள். அதில் இருவர் உறவினர்கள்கூட இல்லை. ஜெலுத்தோங் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்த அம்மா மயங்கி விழுந்துவிட்டார் என்று போன் வந்த காலையில், அந்தக் கட்டுரையை எழுதியவன் எதிரே வந்திருந்தால் உதைத்திருப்பேன்.

அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. இதயம் அவ்வப்போது துடிக்க மறந்துவிடுகிறது என்றார்கள். தோலுக்கடியில் பேஸ்மேக்கர் வைத்தால், மறக்கும்போதெல்லாம் அது தட்டி எழுப்பும். வைக்காவிட்டால் அடுத்த மயக்கம் மாடிப்படியில் வரலாம், எழுந்திருக்காமலும் போகலாம். அரசாங்க மருத்துவமனையில் குறைந்த செலவில் முடியும், ஆனால் காத்திருக்க வேண்டும். தனியாரில் அடுத்த வாரமே வைத்துவிடலாம். விலைதான், என் காரை விற்றாலும் தேறாது. பணம் இல்லாமல் இல்லை. மகளின் கடைசி வருடப் படிப்புக்கென்று ஒதுக்கியது இருந்தது.

என் மனைவி அதிகம் யோசிக்கவில்லை. “அவளுக்குப் படிப்புக்கடன் கெடைக்கும். அத்தைக்கு யாரு கடன் குடுப்பா? எடுங்க.”

மிச்சம் இருந்தது அம்மாவைச் சம்மதிக்க வைப்பது மட்டுமே.

எங்கள் வீட்டில் பெரியவர்களிடம் உண்மை விலை சொல்லும் வழக்கம் கிடையாது. புடவையோ மிக்சியோ, எத்தனை ரிங்கிட் ஆனாலும் பாதியாகக் குறைத்துச் சொன்னால்தான் நிம்மதியாக உபயோகிப்பார்கள். அதே பழக்கத்தில் பேஸ்மேக்கரையும் குறைத்தேன். கொஞ்சம் அதிகமாகவே குறைத்துவிட்டேன்.

“ரெண்டாயிரம் வெள்ளிதாம்மா.”

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “ரெண்டாயிரத்துக்கு நெஞ்சுக்குள்ள வெக்கிற சாமானா? நம்ம பிரிட்ஜு அதுக்கு மேல லா. மலிவு சாமானெல்லாம் எனக்கு வேணாம், தம்பி.”

மறுநாள் தரத்தை உயர்த்தினேன். ஐயாயிரம் என்றேன்.

“நேத்து ரெண்டு, இன்னிக்கு அஞ்சா? தங்கமாடா அது, தெனம் ஏறுறதுக்கு?”

வேறு வழியில்லாமல் உண்மை விலையைச் சொன்னேன்.

“அவ்ளோ காசா! அந்தப் புள்ள படிச்சி முடிக்கட்டும். நான் பாத்த வரைக்கும் போதும்.”

மலிவாக இருந்தாலும் வேண்டாம், விலை அதிகமாக இருந்தாலும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் அம்மா ஒப்புக்கொள்ளும் தொகை ஒன்று எங்கோ இருக்கிறது என்று நம்பி, அதைத் தேடிக்கொண்டிருந்தேன். நிறையப் படித்தவன் என்று பெயரெடுத்த எனக்கு, பேச்சே விலையைப் பற்றியது அல்ல என்று தோன்றவில்லை.

மறுபடி டாக்டரைப் பார்க்கப் போனபோது, மொழிபெயர்ப்பாளர் என்ற தோரணையில் என் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. அவர் வாயைத் திறக்கும் முன்பே அம்மா என்னைத் தாண்டிக் குனிந்து, மீன்காரரிடம் பேரம் பேசும் அதே மலாயில் நேராகக் கேட்டுவிட்டார்.

“டாக்டர், எனக்குச் சாகுற நேரம் வந்தா, இந்தப் பேட்டரி என்னைய விடுமா?”

எனக்கு அப்போதுதான் கீழ் வீட்டு அக்காவின் ஞாபகம் வந்தது. அம்மாவின் தோழி. மூக்கில் குழாயும் தொண்டையில் துளையுமாக வருடக்கணக்கில் கட்டிலில் கிடந்தவர். பிள்ளைகள் நல்லவர்கள், எதை நிறுத்தவும் அவர்களுக்கு மனம் வரவில்லை. அம்மா தினமும் இறங்கிப்போய் அவருக்குத் தலை சீவிவிட்டு வருவார். வந்து எதுவும் சொல்லமாட்டார். நானும் கேட்டதில்லை. அம்மாவின் கண்ணெதிரே அந்தக் கட்டில் நின்றுகொண்டிருந்த நாட்களில்தான் நான் தள்ளுபடி பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

டாக்டர் கணினியை விட்டு அம்மாவின் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். அவரும் மலாயிலேயே சொன்னார்.

“விடும், ஆண்ட்டி. இது கூப்பிட மட்டுந்தான் செய்யும். இதயம் ஓஞ்சி போச்சின்னா எவ்ளோ கூப்பிட்டாலும் எழுந்துக்காது. வேணாம்னா நிறுத்தியும் விடலாம்.”

“கெடந்து இழுத்துக்கிட்டிருக்க மாட்டேனே?”

“இந்தப் பேட்டரியால இழுக்காது.”

அம்மா தமிழுக்கு மாறி என் பக்கம் திரும்பினார்.

“வெச்சிக்கிறேன். ஆனா இதோட சரி. நாளைக்கு மூக்குல ஒண்ணு, தொண்டையில ஒண்ணுன்னு எதையாச்சும் மாட்டுன, ஒன்ன சும்மா விடமாட்டேன்.”

“சரிம்மா.”

“வெல சொல்ற மாதிரி சொல்லாதடா. ஒழுங்கா சொல்லு.”

ஒழுங்காகச் சொன்னேன். மூன்று நான்கு வார்த்தைதான். சொல்லி முடிக்க நேரமானது. டாக்டர் பெருந்தன்மையாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அம்மா மறுபடியும் சந்தைக்குப் போய்வருகிறார். தோளுக்குக் கீழே தீப்பெட்டி அளவுக்கு ஒரு மேடு. விலை கேட்பவர்களிடம் உண்மை விலையைவிடக் கூட்டியே சொல்கிறார் என்று கேள்வி. மகள் கடன் வாங்கிப் படிக்கிறாள்.

என் கவலை வேறு. கொடுத்த வாக்கை அந்த நேரத்தில் காப்பாற்றுவேனா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு மயக்கத்துக்கே விற்பனையாளனாக மாறியவன் நான். அதனால் மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன்.

“அன்னிக்கு நான் டாக்டர்கிட்ட இன்னும் ஏதாச்சும் செய்யுங்கன்னு கெஞ்ச ஆரம்பிச்சா, கையப் புடிச்சி வெளிய இழுத்துட்டு வந்துரு.”

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள். “நானும் ஒங்க பக்கத்துல நின்னு கெஞ்சிக்கிட்டிருந்தா?”

அதை நான் யோசித்திருக்கவில்லை. எங்கள் இருவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரக்கூடிய, அம்மாவை அவ்வளவாகப் பிடிக்காத ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். இதுவரை யாரும் அகப்படவில்லை.