கொட்டாஞ்சேனைக்குத் தனியாகப் போன ஞாயிறு

கம்பஸுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள்: "அக்கா, கொழும்பைப் பழகுறதுக்கு என்ன வழி?" நான் ஒரே பதில்தான் சொல்வேன். ஒருதரும் கூட்டிக்கொண்டு போகாத ஓரிடத்துக்கு ஒருமுறை போய்ச் சேருங்கள். மற்றதெல்லாம் தானாக வரும். இதைச் சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் பெருமை தட்டும், தெரியும். தட்டட்டும். உழைத்துச் சம்பாதித்த பெருமை அது.

வவுனியாவிலிருந்து வந்து நான் தங்கியது வெள்ளவத்தையில், பெரியம்மாவின் பிளட்டில். மூன்றாம் மாடி. பெரியம்மா நல்லவர். பெரியப்பாவும் நல்லவர்தான், ஆனால் அவருடைய நல்ல மனசுக்குக் கைகால் அதிகம். காலையில் கம்பஸ் போகும் பஸ்ஸில் என்னை ஏற்றிவிட ஹோல்ட்டுக்கு வருவார். பின்னேரம் நான் இறங்கும்போது அங்கேயே நிற்பார், கையில் குடையோடு, வெயிலோ மழையோ. இடையில் காலி வீதியில் நான் ஒரு கடைக்குள் ஏறினால் போதும். அந்தச் செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடும். வெள்ளவத்தையில் எங்கள் ஆட்களுக்கு ஒரு பெண்பிள்ளை தனியே நடந்து போவது என்றால் மழை இருட்டிக்கொண்டு வருகிற மாதிரி. யாராவது யாருக்காவது சொல்லியாக வேண்டும்.

இரண்டாம் வருடத்தில் எங்கள் சமூகவியல் பாடத்துக்குக் கள ஆய்வு வந்தது. கொட்டாஞ்சேனையில் நெருக்கமான குடியிருப்புகளுக்குள் வீடு வீடாகப் போய் ஆட்களோடு கதைக்க வேண்டும். தமிழ் கதைக்கக்கூடியவர்கள் தேவை என்று விரிவுரையாளர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். போகாதவர்கள் நூலகத்தில் இருந்து, மற்றவர்கள் கொண்டுவருவதைத் தட்டச்சு செய்யலாம். எனக்கு அந்த ஆய்வு வேண்டும். அப்படி ஒன்றுக்கு நான் அதற்கு முன் ஆசைப்பட்டதில்லை. ஆட்களின் கதையை ஆட்களின் வாயால் கேட்கத்தானே இந்தப் பாடத்தையே எடுத்தேன்!

பெரியப்பா ஒரே சொல்லில் முடித்தார். "கொட்டாஞ்சேனைக்கோ? தனியவோ? ஏலாது."

அப்பாவுக்கு எடுத்தேன். அப்பா, "பெரியப்பா என்ன சொல்லுறாரோ அது" என்றார். பெரியம்மா சோற்றைப் போட்டபடி என் பக்கம் கதைத்தார். நான் சாப்பிடாமல் எழும்பினேன், கதவை அடித்தேன், அழுதேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பெரியப்பாவே, என் முகத்தைப் பார்க்க முடியாமலோ என்னவோ, ஒரு வழி சொன்னார்.

"ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில தங்கச்சி வீட்ட எங்களுக்குச் சாப்பாடு. நானும் பெரியம்மாவும் கார்ல போறம். நீ தனிய வா. ஆட்டோ பிடிக்கக் கூடாது. போன்ல மேப் பாக்கக் கூடாது. ஒருதருக்கும் கோல் எடுத்துக் கேக்கக் கூடாது. சாப்பாட்டுக்கு முன்னம் வந்து சேந்தியெண்டா, பிள்ளை, திங்கட்கிழமை உன்ர பேரைக் குடு."

"மேப் ஏன் பாக்கக் கூடாது?"

"போன் செத்துப்போனா என்ன செய்வாய்?"

எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று மட்டும் கேட்டேன்.

அவர் என்னைத் தோற்கடிக்கத்தான் இப்படிச் சொன்னார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெரியப்பாவின் அந்தத் தங்கச்சி, என் மாமி, வீட்டுக்கு இரண்டு முறை போயிருந்தேன், இரண்டு முறையும் காரின் பின் சீட்டில், பெரியம்மாவின் கதையைக் கேட்டபடி. வீடு மாடி வீடு என்பதைத் தவிர ஒன்றும் நினைவில்லை.

ஆனால் நானும் சும்மா இருந்தவள் அல்ல. பெரியப்பா ஹோல்ட்டில் காத்து நிற்கும் நேரத்துக்கு முன்பே வந்து, ஒரு ஹோல்ட் முந்தி இறங்கி, வெள்ளவத்தையின் குறுக்குத் தெருக்களுக்குள் அலைந்து பழகியிருந்தேன். அப்போது பிடித்த பாடங்களை இன்றைக்கும் இலவசமாகக் கொடுக்கிறேன். வழி கேட்க வேண்டுமென்றால் நடந்துபோகிறவரைக் கேட்காதீர்கள், அவரும் உங்களைப்போல எங்கேயோ தொலைந்தவராக இருக்கலாம். மருந்துக்கடையில் கேளுங்கள், அந்தத் தெருவில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பது அவர்களுக்கு அத்துப்படி. யாராவது "கிட்டத்தான்" என்று சொன்னால் நம்பாதீர்கள். கொழும்பில் "கிட்ட" என்றால் இரண்டு வீடு தள்ளியும் இருக்கலாம், வியர்த்து ஊற்றும் தூரத்திலும் இருக்கலாம். முழிசிக்கொண்டு நிற்காதீர்கள். ஒரு வடை வாங்குங்கள். வடை சாப்பிடுகிற ஆளை ஒருவரும் புதிதாக வந்தவர் என்று நினைப்பதில்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய சட்டம் வைத்திருந்தேன்: கடல். வெள்ளவத்தையில் நீங்கள் தொலையவே முடியாது. எந்தத் தெருவுக்குள் நின்றாலும் உப்புக்காற்று வரும் பக்கம் நடந்தால் ரயில் பாதையும் கடற்கரை வீதியும் வரும். கடலைப் பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் பம்பலப்பிட்டி, இடக்கைப் பக்கம் தெஹிவளை. அவ்வளவுதான் ஊர். இதைக் கண்டுபிடித்த நாளில் கொழும்பே என் கைக்குள் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை குளித்து, புதுச் சட்டை போட்டு, கொட்டாஞ்சேனைப் பக்கம் போகும் 155ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறினேன். தினமும் என்னைக் கம்பஸில் இறக்கிவிட்டு அது எந்த வழியால் போகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அன்றைக்கு கம்பஸ் வாசல் வந்தது, போனது, நான் இறங்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கட் அடித்த மாதிரி ஒரு சந்தோஷம். மருதானை வந்தது. ஆமர் வீதி வந்தது. யன்னலோரம் இருந்து எல்லாப் பெயர்ப்பலகைகளையும் வாசித்தேன். புது ஊரைப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறி, அது போய் நிற்கும் இடம்வரை போங்கள்.

நான் இறங்க வேண்டிய சந்திக்கு முன்பே பஸ் நின்றுவிட்டது. வீதிக்குக் குறுக்கே கயிறு, பொலிஸ், மேலே காற்றில் படபடக்கும் சின்னச் சின்னக் கலர்க் கொடிகள். தேவாலயத் திருவிழா. சுருவப் பவனி, புனிதரின் சிலையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம், வருகிறதாம். கண்டக்டர், "நங்கி, பஹின்ன, பஹின்ன" என்று சிங்களத்தில் சொல்லி எல்லோரையும் இறக்கிவிட்டார். மாமி வீட்டுக்கு எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும் என்று பெரியம்மா வாய்தவறிச் சொல்லியிருந்தாரோ, அந்தச் சந்திக்குப் போக விடவில்லை.

பரவாயில்லை என்று நினைத்தேன். என்னிடம்தான் சட்டம் இருக்கிறதே! பக்கத்துத் தெருவின் கடைசியில் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரிந்தன. அதுதான் கடல் பக்கம். இறங்கிப் போனால் கடற்கரை வீதி வரும், அதில் நடந்து அடுத்த தெருவால் மேலே ஏறினால் சந்தி. கணக்கு சரி. வீரமாக இறங்கினேன்.

இறங்கினேன், இறங்கினேன். தெரு போய் முட்டிய இடத்தில் கடல் இல்லை, மதில் இருந்தது. என்னைவிட இரண்டு மடங்கு உயர மதில், இந்தப் பக்கமும் முடிவில்லை, அந்தப் பக்கமும் முடிவில்லை. மதிலோரம் கொள்கலன் லொறிகள் வரிசையாக நின்றன. கடல் மதிலுக்கு அங்கால் இருக்கிறது. எனக்கு என்ன பிரயோசனம்? வலக்கைப் பக்கம் பம்பலப்பிட்டியும் இல்லை, இடக்கைப் பக்கம் தெஹிவளையும் இல்லை. வெள்ளவத்தையில் கற்றுக்கொண்டு வந்தவள் மட்டும் செய்யக்கூடிய மடத்தனம் அது.

ஒரு லொறிக்காரர் எட்டிப் பார்த்து, "கொஹேத நங்கி யன்னே?" என்று கேட்டார். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரிந்தால் அல்லவா சொல்ல! வாய்க்கு வந்த தெருப்பெயரைச் சொன்னேன். "ஆ, லங்கமய்" என்றார். கிட்டத்தானாம். எனக்கு அழுகை வந்தது. போன் பையில் இருந்தது. ஒரு கோல் எடுத்தால் பெரியப்பா பறந்து வருவார். பிறகு வாழ்நாள் முழுக்க ஹோல்ட்டில் குடையோடு நிற்பார். ஆய்வு போய்விடும். நான் நூலகத்தில் இருந்து யாரோ கேட்ட கதையைத் தட்டச்சு செய்வேன்.

எடுக்கவில்லை. போனைக் கைப்பையின் அடியில் தள்ளி, மேலே கைக்குட்டையைத் திணித்தேன்.

மதிலுக்கு முதுகைக் காட்டி நின்று, வந்த வழியைப் பார்த்தேன். அப்போதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. நான் இறங்கி வந்திருக்கிறேன். அப்படியென்றால் ஊர் மேலே இருக்கிறது. நிமிர்ந்து பார்த்தேன். தகரக் கூரைகளுக்கும் தண்ணீர்த் தாங்கிகளுக்கும் மேலே, மேட்டில், பெரிய தேவாலயத்தின் குவிமாடம். மாமி வீட்டு மாடியில் கை கழுவும்போது யன்னலால் அதைப் பார்த்தது அப்போதுதான் நினைவு வந்தது, அதில் இருக்கும் புறாக்களை எண்ணக்கூடிய கிட்டத்தில். வெள்ளவத்தைக்குக் கடல் என்றால் கொட்டாஞ்சேனைக்கு இது! எந்த ஊருக்கும் ஒரு சட்டம் இருக்கிறது, ஆனால் ஓர் ஊரின் சட்டம் இன்னோர் ஊருக்குச் செல்லாது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் வாசிக்கவில்லை. மதிலில் முட்டித்தான் படித்தேன்.

குவிமாடத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டு ஏறினேன். தெரு வளைந்தால் நானும் வளைந்தேன், அது மறைந்தால் மேடு எந்தப் பக்கம் என்று பார்த்தேன். ஓரிடத்தில் நிச்சயப்படுத்த மருந்துக்கடைக்குள் நுழைந்தேன். மலையகப் பக்கத்துத் தமிழில் கதைத்த ஒரு பெண் நின்றார். மாமியின் அடையாளத்தைச் சொன்னதும், "அந்த மாடி வீட்டு டீச்சரம்மாவா? அப்படியே மேல ஏறிப் போங்க, ரெண்டாவது சந்துல திரும்புங்க" என்றார். "கிட்டத்தான்" என்று சொல்லாத முதல் ஆள். அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

மாமி கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, எனக்குப் பின்னால் பார்த்து, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"எங்க பிள்ளை அண்ணை?"

"இன்னும் வரேல்லையோ மாமி?"

"இல்லையே!"

நான் உள்ளே போய் இருந்து, தண்ணீர் குடித்து, விசிறியைக் கூட்டி வைத்தேன். அந்தக் கதிரையில் அவ்வளவு சுகமாக அதற்குப் பிறகு நான் இருந்ததே இல்லை. கறி மணம் வந்தது. நேரம் போனது. மாமியின் போன் அடித்தது. பெரியப்பா.

அவருக்குத் தெரிந்த கொட்டாஞ்சேனை ஒரே ஒரு வீதிதான். அன்றைக்கு அந்த வீதிதான் கயிறு கட்டி மூடியிருந்தது. பொலிஸ்காரர் கைகாட்டிய பக்கமெல்லாம் திருப்பி, ஒருவழிப் பாதைகளுக்குள் புகுந்து, இப்போது எங்கே நிற்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. போன் மேப், "திரும்பிப் போகவும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறதாம். மாமிக்குக் கார் வழி தெரியாது. போனை என்னிடம் நீட்டினார்.

"பெரியப்பா, நான்தான். மாமி வீட்ட இருக்கிறன்."

அந்தப் பக்கம் பின்னால் பெரியம்மா விழுந்து விழுந்து சிரிப்பது மட்டும் கேட்டது.

"உங்களுக்கு முன்னால என்ன தெரியுது?"

"ஒரு மதில்," என்றார் பெரியப்பா, மிக மெதுவாக. "பெரிய மதில். லொறியள் நிக்குது."

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! அந்த மதிலை இந்தக் கொழும்பில் என்னைவிட நன்றாக அறிந்தவர் அந்த நிமிடத்தில் ஒருவரும் இல்லை. "மதிலுக்கு முதுகைக் காட்டுற மாதிரிக் காரைத் திருப்புங்கோ. மேல பாருங்கோ, குவிமாடம் தெரியுதோ? ஓம், அதைப் பாத்துக்கொண்டு ஏறுங்கோ. மருந்துக்கடை ஒண்டு வரும், அதடியில நிப்பாட்டுங்கோ. நான் வந்து நிக்கிறன்." நான் இறங்கிப் போய்க் கடை வாசலில் நின்றேன். கார் ஊர்ந்து ஊர்ந்து மேலே வந்தது. பெரியப்பா கண்ணாடியை இறக்கினார், என்னைப் பார்க்கவில்லை. நான் முன்னால் நடந்தேன், கார் என் பின்னால் வந்தது. மாடிகளில் இருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும், யாருக்கு வேண்டுமானாலும் கோல் எடுத்துச் சொல்லட்டும் என்று நினைத்தேன்.

பெரியப்பா சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து அப்பாவுக்கு எடுத்தார், எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்து.

"தம்பி, பிள்ளை திங்கட்கிழமை பேர் குடுக்கட்டும்."

"துணைக்கு ஆர் அண்ணை போறது?"

"ஒருதரும் போகத் தேவையில்லை. அவளுக்குத் தெரியும்."

மாமி வீட்டுக்காரர் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன், வயிற்றில் இடமில்லாவிட்டாலும்.

பின்னேரம் புறப்படும்போது பெரியப்பா கார்க் கதவைத் திறந்து பிடித்தார்.

"நான் பஸ்ஸிலேயே வாறன் பெரியப்பா."

அவர் திறந்த கதவோடு நின்றார். தெருவைப் பார்த்தார். பவனி முடியவில்லை, கயிறு இன்னும் அவிழவில்லை.

"அப்ப நாங்கள் எப்பிடி வெளியில போறது?" என்று கேட்டார்.

கிண்டல் இல்லை, கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டார். நான் முன் சீட்டில் ஏறினேன். பெரியம்மா சிரித்தபடி பின்னால் ஏறினார். வலம், இடம், மெதுவாக, இந்தச் சந்துக்குள் போகாதீங்கோ என்று சொல்லிச் சொல்லி அவர்களை ஆமர் வீதிவரை கொண்டுவந்தேன். சந்தியில் காரை நிறுத்தச் சொன்னேன். இறங்கி, கதவைச் சாத்தி, "இனி நேர் வழிதான், கவனமாப் போங்கோ" என்று சொல்லிவிட்டு, பஸ் ஹோல்ட்டை நோக்கி நடந்தேன்.