இடப்பக்கம் திரும்பியவர்கள்

என் கணவர் இரண்டு வருடம் உட்கார்ந்து ஒரு வீடியோ கேம் செய்தார். அதை முதலில் விளையாடியவள் நான். அது ஏன் யாரையும் போய்ச் சேரவில்லை என்பதற்கு அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது. என்னிடம் வேறொன்று இருந்தது. என்னுடையதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் நான் சொல்லவில்லை.

அப்போது வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால் புதிதாக எழும்பிய வீடுகளில் ஒன்றின் மாடியில் குடியிருந்தோம். அவர் சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். கணக்கில் எம்.எஸ்ஸி.யும் பிறகு பி.எட்.டும் படித்து, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த நான், பெண் பிறந்ததும் நின்றுவிட்டேன். குழந்தை மதியம் தூங்குகிற ஒரு மணி நேரம்தான் எனக்கென்று கிடைக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் போனை என் கையில் கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து என் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். விளையாடுகிறவருக்கு எதையும் சொல்லித் தரக்கூடாது, அவர்களாகவே கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் வைத்திருந்த விதி.

விளையாட்டு இதுதான். கையில் விளக்கோடு ஒரு ஆள். நடுவில் ஒரு மலை. மலையைச் சுற்றி எட்டுக் கற்கள். ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனால் அவை ஒளிரும். எட்டும் ஒளிர்ந்ததும் மலையடிவாரத்தில் ஓர் இருண்ட குகை திறக்கும். அங்கேதான் உண்மையான புதிர். விளக்கை எந்தப் பக்கம் காட்டினாலும் வழி தெரியாது. விளக்கைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்க வேண்டும். கண் இருட்டுக்குப் பழகப் பழக வழி தானாகத் தெரியும். நான் அந்தக் குகையில் மூன்று மதியங்கள் அலைந்தேன். நாலாவது நாள் விளக்கைக் கீழே வைத்துப் பார்த்த நேரத்தில் குழந்தை அழுதாள் என்று போனை அப்படியே வைத்துவிட்டுப் போய்த் திரும்பி வந்தால், திரையில் மெல்லிய கோடாக ஒரு பாதை தெரிந்தது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. அவர் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. தெரியாததுபோல இருந்தேன்.

அவருடைய தம்பி சனிக்கிழமைகளில் வருவார். அவரையும் உட்கார வைத்தார்.

"அண்ணி, இதுல எப்ப சண்டை வரும்?"

"சண்டையே கிடையாது தம்பி."

"தொரத்தவாச்சும் யாராவது வருவாங்களா?"

"வரமாட்டாங்க."

"ஒருத்தனும் நம்மளக் கண்டுக்கவே மாட்டான்? அண்ணா, இது கேம் இல்ல. இது நம்ம ஊட்டு வாழ்க்கை."

"டேய், வாய மூடிட்டு ஆடுடா" என்றார் என் கணவர், சிரித்துக்கொண்டே.

கீழ்வீட்டு அக்காவும் விளையாடினார். எட்டுக் கற்களையும் மளமளவென்று தொட்டு முடித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து ஒன்று கேட்டார். "ஏம்பா, மலையச் சுத்துறான், செருப்பு போட்டுக்கினு சுத்துறானே?" என் கணவர் நாலு நாள் உட்கார்ந்து அந்த ஆளின் செருப்பைக் கழற்றினார். வெறுங்கால் ஓசையை மாற்றுவதற்கு இன்னும் இரண்டு வாரம். அவர் அப்படித்தான். யார் என்ன சொன்னாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

மாமா ஊரிலிருந்து வரும்போதெல்லாம் என்னிடம்தான் கேட்பார். மகனிடம் கேட்கமாட்டார். "இன்னும் எவ்ளோ நாள்மா ஆவும்?" கேழ்வரகு அறுப்புக்கு ஆள் கிடைக்காததைச் சொல்லிவிட்டு அதே மூச்சில் கேட்பார். "முடிஞ்சிடுச்சு மாமா, அடுத்த மாசம்" என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். எத்தனை அடுத்த மாதங்கள் என்று அவருக்கும் தெரியும்.

அந்தக் காலத்தில் வாரத்தில் இரண்டு காலை நேரம் செங்கம் ரோட்டில் ஒரு காபிக் கடைக்குப் போய், ஆசிரமத்துக்காக ஊருக்கு வந்து தங்கியிருப்பவர்களுக்குத் தமிழ் பேசக் கற்றுக்கொடுத்தேன். அதில் ஒரு பெண், வெளிநாட்டவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்திருந்தார். பேச்சுவாக்கில், யோசிக்க வைக்கிற புதிர் விளையாட்டுகள் தனக்குப் பிடிக்கும், நிறைய ஆடியிருக்கிறேன் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வருடமாக எங்கே இருக்கிறாள் என்று நாங்கள் தேடிய ஆள் எதிரில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒருவர் ஆடப்போகிறார் என்று இவருக்குச் செய்தி அனுப்பிவிட்டுப் போனை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் முதல் கல்லைத் தொட்டார். ஒளிர்ந்தது. பிறகு வலப்பக்கம் திரும்பி நடந்தார்.

நான் திடுக்கிட்டேன். இரண்டாவது கல்லைத் தொட்டதும் முதல் கல் அணைந்துவிட்டது. திரும்பி வந்தார். மறுபடி வலப்பக்கம். மறுபடி அணைந்தது. மலை மேல் ஏறப் பார்த்தார். முடியவில்லை. கற்களை ஒன்று விட்டு ஒன்று தொட்டார். அவை சேர்ந்து ஏதாவது எழுத்தோ எண்ணோ வருகிறதா என்று தாளில் எழுதிக்கூடப் பார்த்தார். இடப்பக்கம் நடக்க அவருக்குத் தோன்றவே இல்லை. எல்லா விளையாட்டிலும் ஆட்கள் வலப்பக்கம்தான் ஓடுகிறார்கள். சின்ன வயதிலிருந்து அவர் விரல் அப்படியே பழகியிருந்தது.

எங்கள் விரல் வேறு மாதிரி பழகியது. பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றி வருகிற ஊர் எங்களுடையது. மலை வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். கோயிலானாலும் மலையானாலும் இடப்பக்கம் திரும்பித்தான் சுற்ற ஆரம்பிப்போம். நான் யோசிக்கவில்லை. கொழுந்தனார் யோசிக்கவில்லை. செருப்பைக் கண்டுபிடித்த கீழ்வீட்டு அக்காவும் யோசிக்கவில்லை. என் கணவரும் திசையை ஒரு புதிராக வைக்கவே இல்லை. சுற்றுவது என்றால் அவருக்கு அதுதான், அதனால் அப்படி எழுதிவிட்டார். விளையாட்டில் அதற்கு ஓர் அம்புக்குறிகூட இல்லை.

அந்தப் பெண் நாற்பது நிமிடம் முயன்றார். "அந்தப் பக்கம்" என்று சொல்ல என் நாக்கு துடித்தது. ஆனால் சொல்லித் தரக்கூடாது என்பது விதி. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் போனைத் திருப்பிக் கொடுத்து, "ரொம்ப அழகா இருக்கு. எனக்குத்தான் அறிவு பத்தலைபோல" என்று தன் புதுத் தமிழில் மெதுவாகச் சொன்னார். அந்த வாரமே ஊரை விட்டுப் போய்விட்டார்.

ஆட்டோவில் வரும்போது வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்தபோது மாமா வந்திருந்தார். என் கணவர் என்னைப் பார்த்ததும், "நாளான்னிக்கு வெளியிடறேன், எல்லாம் ஏத்திட்டேன்" என்றார். மாமாவின் முகத்தில் எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு சிரிப்பு.

"அந்தம்மா ஆடினாங்களா?" என்று என் கணவர் கேட்டார்.

"ஆடினாங்க. ரொம்ப அழகா இருக்குன்னாங்க."

அந்தப் பெண் சொன்னது உண்மையில் அதுதான். அதன் பாதி. மீதியைச் சொன்னால் இவர் எல்லாவற்றையும் கீழே இறக்கி, திசை என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பிப்பார் என்று பயந்தேன். அந்தப் பெண்ணுக்கு அன்று அசதியாக இருந்திருக்கலாம் என்றும் நினைத்துக்கொண்டேன். ஒரே ஒருவரை வைத்து ஏன் முடிவுகட்ட வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டேன். கணக்குப் படித்தவள் இல்லையா, சமாதானத்துக்கு எனக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது.

விளையாட்டு வெளிவந்தது. யார் எதுவரை போனார்கள் என்பது அவருடைய கணினியில் தெரியும். வந்தவர்களே கம்மி. வந்தவர்களில் குகைக்குள் வந்தவர்கள் எங்களுக்குத் தெரிந்தவர்கள் மட்டும். "இசை நன்றாக இருக்கிறது, ஒன்றுமே நடக்கவில்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். "என்ன செய்ய வேண்டும்?" என்று மட்டும் இன்னொருவர். புதிர் என்று இவர் நினைத்த இடத்துக்கு வெளியாள் ஒருவரும் வரவில்லை. வெறும் வாசல் என்று நினைத்த இடத்திலேயே எல்லாரும் நின்று திரும்பிவிட்டார்கள்.

என் கணவர் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார். சாப்பிடும்போது பேச ஆரம்பிப்பார்.

"ஜனங்களுக்கு நிக்கிறதுக்கே பொறுமை இல்ல. பஸ்ல பாரு, போன்ல பழத்த பழத்தோட சேக்கறான். சேத்ததும் சபாஷ்னு ஒரு சத்தம். மூணு செகண்டுக்கு ஒருதரம் எவனாவது தட்டிக் குடுக்கணும். நம்ம கேம் யாரையும் பாராட்டாது. அதான்."

"இருக்கலாம்ங்க."

"தத்துவம் வேணும்ங்கறவன் கேம் சின்னப் பசங்க சமாச்சாரம்ங்கறான். கேம் வேணும்ங்கறவன் தத்துவம்னா பிரசங்கம்ங்கறான். ஒரு வரில சொல்லுன்றாங்க. ஒரு வரில சொல்ல முடிஞ்சா நான் ஏன் ரெண்டு வருஷம் செய்யணும்?"

இதில் பொய் எதுவும் இல்லை. நானும் பார்த்திருக்கிறேன். தன்னைத் தேடிப் பல்லாயிரம் மைல் தாண்டி இந்த ஊருக்கு வருகிறவர்கள்கூட, போனைப் பையில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் தேடுகிறார்கள். போன் வைத்திருக்கும் நாங்களோ எதையாவது மறக்கத்தான் அதை எடுக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் இவருடைய விளையாட்டுக்கு ஆள் எங்கே? ஆனால் அவர் பேசப் பேச நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பேன். அவர் ஒவ்வொரு நாளும் மனிதர்கள் மீது கொஞ்சம் கொஞ்சமாக நம்பிக்கை இழந்துகொண்டிருந்தார். அப்படி இழக்கத் தேவையில்லை, நாற்பது நிமிடம் காபி ஆற ஆறப் பொறுமையாக உட்கார்ந்திருந்த ஒருத்தியை நான் பார்த்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் தள்ளிப்போனது. தள்ளிப்போகப் போக, சொல்வதைவிட இத்தனை நாள் சொல்லாததுதான் பெரிய விஷயமாகிவிட்டது.

பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. பழம் சேர்க்கிற விளையாட்டு செய்கிற கம்பெனிதான். அவர் மட்டும் முதலில் கிளம்புகிற அன்று காலை, பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். பாப்பா பெட்டியிலிருந்து ஒவ்வொரு சாக்ஸாக எடுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தாள். "இனிமே இந்த ஜனங்களுக்காக ஒண்ணும் யோசிக்க வேணாம்" என்றார், பாதி தனக்குத்தானே. அப்போது சொன்னேன். நின்றுகொண்டே, எல்லாவற்றையும்.

அவர் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தார்.

"எந்தப் பக்கம் திரும்பினாங்க?"

"வலப்பக்கம்."

"திரும்பத் திரும்பவா?"

"ஆமாங்க. இடப்பக்கம் போகவே இல்ல."

சட்டையைப் பெட்டியில் வைத்தார். பாப்பா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நமக்கு ஒருத்தருக்கும் தோணலையே" என்றார். பிறகு, "ஏன் சொல்லல?"

"மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரம்பிச்சிருவீங்கன்னு."

"ஆமா" என்றார். "ஆரம்பிச்சிருப்பேன்."

கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். பாப்பாவின் கையிலிருந்து சாக்ஸை வாங்கி, முத்தம் கொடுத்துவிட்டுப் பெட்டியை மூடினார். நாலாம் நாள் போன் செய்து, பாப்பா சாப்பிட்டாளா என்று கேட்டுவிட்டு, "அத மாத்திட்டேன். எந்தப் பக்கம் போனாலும் இப்ப எரியும். அரை மணி நேரம்தான் ஆச்சு" என்றார். அதற்குள் ஆன்லைன் கடையில் அந்த விளையாட்டு எங்கேயோ அடியில் போய்விட்டிருந்தது. தேடினால்தான் கிடைக்கும். தேட யாருக்குத் தெரியும்? "முன்னாடியே மாத்தியிருந்தாலும் ஓடியிருக்காது, விடு" என்றும் சொன்னார். அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று இன்றுவரை யோசிக்கிறேன். தனக்குத் தெரிந்ததைத் தெரியாதவர் கண்ணால் பார்க்க, செய்தவரால் முடியாது. அதற்குத்தான் முதலில் ஆடிப் பார்க்கிற ஆள். அந்த ஆள் நானாக இருந்தேன்.

போன மாதம் கொழுந்தனார் வந்தார். பாப்பாவோடு விளையாடிக்கொண்டே, "அண்ணன் புதுசா ஒண்ணு பண்றாரே, இந்தத் தரம் நல்லா வந்திருக்கு அண்ணி. உங்களுக்கு எது பிடிச்சுது?" என்றார்.

என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "அனுப்பியிருப்பாரு, நீங்க பாத்திருக்க மாட்டீங்க" என்று அவசரமாகச் சொன்னார். நான் அவர் போனைக் கேட்டு வாங்கினேன். அடுப்பில் பால் இருந்தது, அதைப் பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் சொன்னேன். இந்த விளையாட்டில் ஒரு வீடு. பல அறைகள். மூன்றாவது அறையில் ஒரு கண்ணாடி. அதற்கு மேல் என்னால் போக முடியவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் என் கணவருக்கு எழுதினேன். மூன்றாவது அறையில் கண்ணாடி முன்னால் இருபத்தைந்து நிமிடம் நின்றேன், கதவு எனக்குப் பின்னால் இருப்பது தெரியவே இல்லை, தம்பி சொல்லித்தான் தெரிந்தது என்று. அழகாக இருக்கிறது என்று எழுதி, அதை அழித்துவிட்டு அனுப்பினேன்.

மறுநாள் பதில் வந்தது. "சரி" என்று ஒரே சொல்.

அதன் பிறகு கொழுந்தனார் இரண்டு முறை வந்துவிட்டார். அந்த அறை மாறியிருக்கிறதா என்று அவரிடம் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.