சம்மாந்துறை பஸ்ஸில் ஒரு 'அஹோ'

குஞ்சும்மா, என் மகளே, இன்று பஸ்ஸில் உன் பாஷையைப் பாடமாக்கினேன்.

நீ மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு உன் போன் என்னிடம்தான். நீ படித்துக்கொண்டிருந்த லோஜ்பான் பாடங்கள் அதில் அப்படியே கிடக்கின்றன. அந்தப் பாஷையில் மனதில் இருக்கும் உணர்வை ஒரு சொல்லில் முதலில் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கலாமாம். நம்பிக்கைக்குச் சொல் 'அஹோ'.

வயலைப் பார்த்தபடி "அஹோ, அஹோ" என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள்: "என்ன ராத்தா, புது திக்ரா ஓதுறீங்க?"

"இல்ல புள்ள. என்ட மகள் படிச்ச பாஷை. நல்லது நடக்கும் எண்டு நம்பிச் சொல்ற சொல்லு."

"அதுக்குத்தானே நமக்கு இன்ஷா அல்லாஹ் இருக்கு! இது எந்த நாட்டுப் பாஷை?"

"ஒரு நாட்டுலயும் இல்லையாம். ஆக்கள் கூடி உண்டாக்கினதாம்."

"அப்ப ஆரோட கதைக்கப் போறீங்க?"

நான் வயல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மனதுக்குள் இரண்டையும் சேர்த்தே சொன்னேன்: அஹோ, இன்ஷா அல்லாஹ், உன்னைத் திரும்பக் காண்பேன். நான் இறங்க வேண்டிய இடம் எப்போதோ தாண்டிவிட்டது.

இந்தப் பதிவை வாசிக்கிற யாருக்காவது இந்தப் பாஷை தெரிந்தால் ஒரு சொல்லாவது எழுதுங்கள். என் பிழைக்குச் சிரித்தாலும் பரவாயில்லை.

குஞ்சும்மா, அங்கே உன்னோடு இந்தப் பாஷையில் கதைக்க யாரும் இருக்கிறார்களா?