1944-ஆம் வருஷத்து ரூபாய்

ராமராஜனைப் பற்றிக் கேட்டால் எங்கள் கடையில் எல்லோரும் அவர் கண்ணைப் பற்றித்தான் சொல்வார்கள். பார்த்த மாத்திரத்தில் உலோகத்தைச் சொல்லிவிடுவார் என்பார்கள். நான் அவர் வாயைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு அந்த வாயிலிருந்து ஐம்பது வார்த்தை வந்தால் அதிகம். அதில் பாதி ‘அசல்’, மீதி ‘டூப்ளிகேட்’.

சின்ன காஞ்சிபுரத்தில் பழைய பட்டுப்புடவை வாங்கும் கடை எங்களுடையது. கிழிந்த புடவையிலிருந்து சரிகையைப் பிரித்து, உருக்கி, வெள்ளி எடுப்பார்கள். அதில் எத்தனை வெள்ளி, எத்தனை செம்பு என்று சொல்வது ராமராஜன் வேலை. இருபத்தாறு வருஷமாக அதே மேசை. பக்கத்து மேசையில் சீட்டு எழுதுகிற அம்சவேணி நான். எனக்குப் பேச்சும் அதிகம், கோபமும் அதிகம். பதினொரு வருஷம் இந்த மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கே பாதிப் பேச்சு போய்விட்டது.

புடவையோடு காசும் கொண்டுவருவார்கள். செல்போனில் எவனோ பேசியதைக் கேட்டுவிட்டு, “இது லட்ச ரூபா போவுமாம், பாருங்க சார்” என்று மேசையில் வைப்பார்கள். ராமராஜன் முதலில் விளிம்பைத்தான் பார்ப்பார். முலாம் பூசின காசு முதலில் தேய்வது அங்கேதான். பிறகு காந்தம், தராசு. கடைசியில் மிஷின். அது வந்து நாலு வருஷம் ஆகிறது. காசை உள்ளே வைத்து மூடினால், அரை நிமிஷத்தில் எந்த உலோகம் எவ்வளவு என்று சீட்டாகவே கொடுத்துவிடும்.

மிஷின் வருவதற்கு முன்னால் அரமும் உரைகல்லும் திராவகமும்தான். சரிகைக்கு அதுவே போதும். உள்ளே ஓடும் பட்டுநூல் சிவப்பாக இருக்கலாம். அதன்மேல் சுற்றிய உலோகம் உரைத்தால் சிவந்துவிடக் கூடாது. உலோகம் சிவந்தால் செம்புக் கம்பிமேல் முலாம் என்று அர்த்தம். இந்த ஊரில் சரிகைக்காரர்கள் எல்லோருக்கும் அதுதான் சட்டம். அந்தச் சட்டத்தைக் காசுக்கும் போட்டார் ராமராஜன். அதில்தான் எல்லாம் கெட்டது.

அவர் வீடு செவிலிமேட்டில். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு. அம்மா பொன்னியம்மாள், மனைவி வடிவு, ஒரே மகள் தீபிகா. அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமாகி வருகிற மருமகளிடம் மாமியார் ஒரு வெள்ளி ரூபாயைக் கொடுப்பாள். வீட்டில் நல்ல காரியம் எது நடந்தாலும் அந்த ரூபாய் தட்டில் வெற்றிலைக்கு அடியில் இருக்க வேண்டும். மற்ற நாட்களில் மருமகள் பெட்டியில் பத்திரம்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் தீபிகாவுக்குக் காது குத்தினார்கள். வடிவு பாவம், காசு பளிச்சென்று இருக்கட்டும் என்று புளி போட்டுத் தேய்த்திருக்கிறாள். தேய்க்கத் தேய்க்க மேல் வெளுப்பு போய் மஞ்சள் பாய்ந்துவிட்டது. பொன்னியம்மாள் பார்த்துவிட்டு, “நான் குடுத்த காசு இது இல்ல” என்றாள். ராமராஜன் அதைக் கடைக்கு எடுத்துவந்து, விளிம்பில் அரத்தால் ஒரு வெட்டுப் போட்டு, கல்லில் உரைத்தார். சிவப்பு. திராவகம் விட்டார். பச்சையாகப் பொங்கியது. வீட்டுக்குப் போய் வழக்கம்போலச் சொன்னார்: “டூப்ளிகேட். மேல முலாம்.”

நீ மாற்றினாயா என்று அவர் வடிவைக் கேட்கவே இல்லை. திட்டவும் இல்லை. ரிசல்ட்டை மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். வடிவு கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்கிறேன் என்றபோது, “அதெல்லாம் எதுக்கு?” என்றாராம். மீதியைப் பொன்னியம்மாள் பார்த்துக்கொண்டாள். வெள்ளியைத் தாய்வீட்டுக்குக் கொடுத்துவிட்டு முலாம் காசை வைத்துவிட்டாள் மருமகள் என்று, அந்த வீட்டில் தண்ணீர் குடித்த அத்தனை பேரிடமும் சொன்னாள். என்னிடமும் சொல்லியிருக்கிறாள். வடிவு காதில் விழும்படியே சொன்னாள்.

ஒருநாள் டவுன் பஸ்ஸில் வரும்போது வடிவிடம் கேட்டுவிட்டேன். “எப்டிக்கா இத்த கேட்டுக்கினு இருக்கே?”

“பல்லு புடுங்க ஊசி போடுவாங்க இல்ல, அந்த மாதிரி இருக்குது அம்சா. தொட்டா தெரியுது. வலிக்கல.”

எனக்குத்தான் வலித்தது.

போன ஐப்பசியில் தீபிகாவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் வாலாஜாபாத்திலிருந்து வேன் வைத்து வந்திருந்தார்கள். தட்டு மாற்றப் போகும்போது பொன்னியம்மாள் சும்மா இருக்கக் கூடாதா? “அந்தக் காசு தட்டுல வேணாம். அது இவ மாத்தி வெச்ச காசு” என்று சபையில் சொன்னாள். மாப்பிள்ளையின் அம்மா வடிவைப் பார்த்தாள். பிறகு தீபிகாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் என் கண்ணால் பார்த்தேன். ராமராஜன் பந்தலில் இன்னும் நாலு சேர் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். காரியம் ஒருவழியாக முடிந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு வடிவு கடைக்கு வந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் கடைப்படி ஏறியது அதுதான் முதல் தடவை. நான் எழுந்து கூப்பிட்டேன். வரவில்லை. டோக்கன் வாங்கிக்கொண்டு, மூன்று பேருக்குப் பின்னால் நின்றாள். முறை வந்ததும் அந்த வெள்ளி ரூபாயை மேசைமேல் வைத்தாள்.

“பாத்துச் சொல்லுங்க சார்.”

ராமராஜன் நிமிர்ந்தார். அவர் முகம் எப்போதும்போலத்தான் இருந்தது. கை மட்டும் காசை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

“வீட்டுக்குப் போ. வந்து பேசறேன்.”

“எல்லாருக்கும் பாக்குறதுதானே. எனக்கும் பாருங்க.”

காசை எடுத்தார். ஆறாம் ஜார்ஜ் தலை, 1944. விளிம்பில் அவர் போட்ட வெட்டு இன்னும் இருந்தது. தராசில் வைத்தார். தேய்மானம் போக எடை சரி. மிஷினில் ஒரு தடவை மேல்பக்கத்தை வைத்தார். இன்னொரு தடவை அந்த வெட்டை. இரண்டு சீட்டும் என் மேசைக்கு வந்தன. முதல் சீட்டில் நூற்றுக்கு வெள்ளி ஐம்பத்தொன்று, செம்பு முப்பத்தொன்பது, மிச்சம் நிக்கலும் துத்தநாகமும். இரண்டாவதிலும் ஏறக்குறைய அதேதான். முலாம் என்றால் மேலே வெள்ளியும் வெட்டில் வெறும் செம்புமாக அல்லவா காட்டும்? இதில் உள்ளும் புறமும் ஒன்று.

இரண்டு சீட்டையும் மறுபடி பார்த்தேன். இந்த மாதிரிச் சீட்டு எனக்குப் பழக்கம். அந்த வீட்டுக் காசும் இதே வகை என்றுதான் இத்தனை நாள் தெரியாது.

“இன்னா காமிக்குது?” என்றாள் வடிவு.

“அசல்” என்றார் ராமராஜன். பிறகு, எல்லோருக்கும் சொல்வதுபோலவே சொன்னார். “யுத்த காலத்துக் காசு. வெள்ளி கெடைக்காம பாதிதான் போட்டான் வெள்ளக்காரன். மீதி செம்பு கலந்தான். அதான் தேச்சா செவக்குது.”

வடிவு தலையை ஆட்டினாள். சந்தோஷம், கோபம் ஒன்றும் முகத்தில் இல்லை.

“இந்த மாதிரி காசு இதுக்கு முன்ன வந்திருக்குதா?”

“வந்திருக்குது.”

“எத்தினி வருஷமா?”

அவர் தராசுத் தட்டைத் துடைத்தார். வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. “நாலு வருஷமாக்கா. நூறு காசுக்கு மேல நானே சீட்டு எழுதியிருக்கேன். எல்லாம் அசல்” என்றேன். சொன்ன பிறகுதான் அது அவளுக்கு என்ன செய்யும் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

வடிவு அவரைப் பார்த்தாள். “அப்ப தெரியும்.”

“வீட்டுல அந்தப் பேச்சு அடங்கிப் போச்சுன்னு இருந்தேன்” என்றார். “எதுக்குக் கெளறணும்னு...”

“உங்களுக்கு அடங்கிப் போச்சு.”

குரல் உயரவில்லை. வரிசையில் நின்றவர்களுக்குப் புருஷன் பெண்டாட்டி என்றே தெரிந்திருக்காது.

சீட்டில் கொண்டுவந்தவர் பேர் எழுத வேண்டும். பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “வடிவுன்னு போடு. நீட்டா எழுது, வாலாஜாபாத்துக்கு அனுப்பணும்” என்றாள். எழுதிக் கொடுத்தேன். இரண்டு சீட்டையும் மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். காசு மேசைமேலேயே இருந்தது.

“காசு” என்றார் ராமராஜன்.

“அது உங்க வீட்டுது. எம்பேருலதான் பழி இருந்துச்சு, அத்த எடுத்துக்கினேன்.”

படியில் இறங்கிச் செருப்பை மாட்டினாள். ராமராஜன் எழுந்து நின்றார். வாசலுக்குப் போவார் என்று நினைத்தேன். வரிசையில் அடுத்து நின்ற கிழவர் தன் காசை எடுத்து மேசையில் வைத்தார். ராமராஜன் உட்கார்ந்து, அதன் விளிம்பைப் பார்த்தார்.