தரையில் துடித்த கெளுத்திகள்

அந்தத் தெருவில் வெல்டரம்மா என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கேட் செய்யும் பட்டறையில் நாலு ஆம்பளைகளுக்குச் சமமாக வேலை பார்ப்பவள். வாய் அதற்கும் மேல். "நீ பத்தவைக்கிறதவிட உன் பேச்சுதாம்மா சுடுது" என்பார் முதலாளி. கல்யாணம் வேண்டாமென்று இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தாள்.

ஒருமுறை வளர்ப்பு மீன் கடைக்கு இரும்பு ஸ்டாண்டு செய்து கொடுக்கப் போனாள். அங்கே தொட்டியின் அடியில் மீசையால் மணலைத் துழாவிக்கொண்டிருந்த குட்டிக் கெளுத்திகளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். விரல் நீளம்கூட இல்லை. ஒன்று நகர்ந்தால் கூட்டமே நகர்ந்தது.

"ரெண்டு குடுங்க."

"ஒண்ணு ரெண்டா வச்சா மிரண்டே செத்துரும்மா. கூட்டமா வையுங்க."

பதினொன்று வாங்கினாள். கூர்க்கல் போட்டால் மீசை தேய்ந்துவிடும் என்று நைஸ் மணலைச் சலித்துப் பரப்பினாள். வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றுவாள். அதற்கான குழாய்த் தண்ணீரை, மருந்து வாடை போக, முந்தின நாளே வாளியில் பிடித்துவைப்பாள்.

புருஷன் வீட்டிலிருந்து அவள் தங்கச்சி வந்து சேர்ந்தது ஒரு மழைக் காலையில். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. உதடு கிழிந்திருந்தது.

"விழுந்துட்டேன்க்கா."

"எத்தனை தடவைடி விழுவ?"

தங்கச்சி தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பகலெல்லாம் தொட்டி முன்னால் உட்கார்ந்தே கிடந்தாள். பத்தாவது நாள்தான் வாய் திறந்தாள். "ஏன்க்கா இது திடீர்னு மேல பாஞ்சுட்டு வருது?"

"ஒரு மடக்கு காத்துக் குடிச்சிட்டு வரும். பயப்படாத."

அன்றிலிருந்து தீனி போடுவது தங்கச்சி வேலையாயிற்று.

மூன்றாம் வாரம், ஞாயிறு மதியம், அவள் புருஷன் வந்தான். கதவைத் தட்டவில்லை. கடப்பாரையால் தாழ்ப்பாளைப் பெயர்த்தான்.

"மாப்பிள்ளை, உக்காந்து பேசுவோம்" என்று வெல்டரம்மா குறுக்கே நின்றாள்.

"நகருடி!"

கடப்பாரை இறங்கியது. தடுக்கத் தூக்கிய இடது கை படக்கென்று ஒடிந்தது. சத்தம் அவள் காதிலேயே கேட்டது. அவள் சுவரோடு சரிந்தாள்.

"இதைப் பாத்துக்கிட்டா இங்கயே கிடக்க?" என்று தங்கச்சியிடம் கத்திக்கொண்டு தொட்டியில் ஓங்கி அடித்தான். கண்ணாடி நொறுங்கி அறை முழுக்கத் தண்ணீர். கெளுத்திகள் தரையில் துள்ளின. இரண்டை மிதித்தே நசுக்கினான். கடப்பாரையைப் போட்டுவிட்டு, தங்கச்சியின் முடியைப் பிடித்துக் கண்ணாடித் துண்டுகள் மேல் இழுத்தான். தண்ணீர் சிவந்தது.

ஈரத்தில் அவன் செருப்பு கழன்றது. வெறுங்கால் ஒரு மீன் மேல் விழுந்தது. மிரண்டால் முள்ளை விறைத்துக்கொள்ளும் ஜாதி. முள் உள்ளங்காலில் ஏறியது. அலறிக்கொண்டு அவன் பிடியை விட்டான்.

"டேய்!" வெல்டரம்மா எழுந்தாள். வலது கையால் ஸ்டூலைத் தூக்கி அவன் முழங்காலில் அடித்தாள். அவன் குப்புற விழுந்தான். வெல்டரம்மா நிமிர்ந்து பார்த்தால், தங்கச்சி கையில் கடப்பாரை. முகமெல்லாம் ரத்தம். அவன் தலைக்கு நேரே ஓங்கியிருந்தாள்.

"தலையில வேணாம்டி! நீ உள்ள போயிருவ!"

கடப்பாரை அந்தரத்தில் நின்றது. அவன் அவள் காலைப் பிடித்து இழுக்கக் கை நீட்டினான். அந்தக் கையின் மேலேயே இறக்கினாள். இரண்டு முறை.

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து அவனை அமுக்கிப் பிடித்தார்கள். தங்கச்சி மண்டியிட்டு மீன்களை ஒவ்வொன்றாகக் கையில் அள்ளி வாளித் தண்ணீரில் விட்டாள். முட்கள் குத்தின, அவள் கவனிக்கவில்லை. ஏழு பிழைத்தன.

கோர்ட்டில் அவன் வக்கீல் கேட்டார். "நாலு மீனுக்காகப் புருஷன் கையை நொறுக்கிட்டீங்க?"

"எனக்காகத்தாங்க" என்றாள் தங்கச்சி.

அவனுக்கு இரண்டு வருஷம் கிடைத்தது. வெல்டரம்மாவின் கை கோணலாகக் கூடியது. கனத்த இரும்பை இனி அந்தக் கை தாங்காது. முதல் மாதம் படுத்தபடியே அழுதாள். பிறகு பட்டறைக்குப் போய், வேலை செய்கிறவர்களைத் திட்டி வேலை வாங்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். தங்கச்சியும் அங்கேயே இரும்பு தேய்க்கச் சேர்ந்தாள். வாளியிலேயே கிடந்த மீன்களுக்குப் புதுத் தொட்டி வாங்கலாமா என்று அக்கா கேட்டபோது, "மொதல்ல வீட்டுக்கு இரும்புக் கதவு" என்றாள். கதவுக்கு வேண்டிய இரும்பை இருவரும் அன்றே அளந்தார்கள்.