காலையில் வெளுத்துப்போன முகங்கள்

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வாங்கப் போனால் மூட்டையின் அடிவரை கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்க்கிறவள் நான். மேலே கிடப்பதை வியாபாரி காட்டுவார், அடியில் கிடப்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். "கோயில்ல குடுக்கற விபூதியக்கூட மோந்து பாத்துட்டுத்தான் பூசுவா" என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். மோந்து பார்த்தும் இருக்கிறேன்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் எனக்கு வேலை. எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் சரிசெய்து பிரிண்ட் போட வேண்டும். இதே வேலைக்கு இன்னொரு பெண்ணும் இருந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள், ஒலக்கூர் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். காலை ஒன்பதுக்கு அவள் கடை திறப்பாள். விழுப்புரத்திலிருந்து பஸ் பிடித்து நான் வந்து சேரப் பத்தாகிவிடும். மாலை ஐந்துக்கு அவள் கிளம்புவாள், எட்டுக்கு நான் பூட்டுவேன்.

நாங்கள் பயன்படுத்திய ப்ரோகிராமில் முகத்தை வெளுப்பாக்க ஓர் அளவு உண்டு. பூஜ்யத்தில் வைத்தால் முகம் இருக்கிறபடியே வரும். ஏற்ற ஏற்ற மாவு பூசியதுபோல ஆகிவிடும். நான் அதைப் பூஜ்யத்தில்தான் வைத்திருந்தேன்.

எனக்கு வரன் தேடிய நாளில் ஒரு ஸ்டூடியோக்காரர் என் படத்தை நன்றாக வெளுத்துக் கொடுத்திருந்தார். பெண் பார்க்க வந்த அம்மாள் என்னையும் கையிலிருந்த போட்டோவையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் அம்மாவிடம், "இந்தப் போட்டோல இருக்கிற பொண்ணு எங்கம்மா?" என்று கேட்டாள். நான் காபித் தட்டோடு எதிரில் நின்றுகொண்டிருந்தேன். இருபது வருடமாகியும் அது எனக்கு ஆறவில்லை. என் கையால் இன்னொருத்திக்கு அப்படி நடக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரி.

ஒருநாள் காலை வந்து பார்க்கிறேன், அளவு நாற்பதில் நிற்கிறது.

"நீ ஏத்துனியா?"

"இல்லக்கா, நான் தொடவே இல்ல."

நான் நம்பவில்லை. அவள் நல்ல சிவப்பு. "கொஞ்சம் ஏத்திக் குடுத்தா ஜனம் சந்தோஷமா வாங்கிக்கினு போவுதுக்கா" என்று முந்தின வாரம் சொன்னவளும் அவள்தான். நெருப்பில்லாமல் புகையுமா?

பிரிண்டர் பழுது பார்க்க வந்தவரிடம் சாடையாக விசாரித்தேன். நாம் வைக்கிற அளவெல்லாம் ஒரு சின்ன ஃபைலில் பதிவாகும், ப்ரோகிராம் திறக்கும்போது அதைப் படித்துத்தான் தொடங்கும் என்று அவர் சொன்னார். அந்த ஃபைல் இருக்கும் இடத்தையும் காட்டினார். எனக்கு அது போதும். அன்று மாலை கடையைப் பூட்டுவதற்கு முன் அந்த ஃபைலை என் பென் டிரைவுக்கு மாற்றினேன். காப்பி எடுக்கவில்லை, கம்ப்யூட்டரில் மிச்சமே வைக்காமல் எடுத்துக்கொண்டேன். பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போவதுபோலத்தான். இல்லாத ஃபைலில் எப்படிக் கைவைப்பாள், பார்க்கலாம் என்று இருந்தது.

மறுநாள் வந்து அதைத் திரும்ப வைக்கப் போனேன். இதே பெயரில் ஒரு ஃபைல் ஏற்கெனவே இருக்கிறதே, மாற்றிவிடட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திறந்து பார்த்தால் நாற்பது. ஃபைல் உண்டான நேரம் 9.04. அந்த நேரத்தில் கடையில் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

ஒரு வாரம் வாயைத் திறக்காமல் பார்த்தேன். தினமும் மாலை எடுத்துக்கொண்டு போவேன், தினமும் காலையில் புதிதாக ஒன்று இருக்கும். 9.02, 9.11, 9.05. மழை பெய்து அவள் தாமதமாக வந்த நாளில் 9.40. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

அந்த வாரம்தான் பனமலைப் பக்கமிருந்து ஒரு பெண்ணைத் தாயார் அழைத்து வந்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கப் படம். காலையிலேயே பிரிண்ட் போட்டுக் கவரில் வைத்திருந்தாள் எங்கள் கடைப் பெண். நான் உள்ளே நுழையும்போது அந்தப் பெண் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இது நானாம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தாயாருக்கு வாயெல்லாம் பல்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. அவர்கள் போனதும் முதலாளியைக் கூப்பிட்டு, அவள் எதிரிலேயே எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். எழுதிவைத்திருந்த நேரங்களையும் காட்டினேன்.

அவள் முகம் சிவந்துபோய், "அக்கா, நான் எதுவும் பண்ணலக்கா. தொறந்தா அது தானா வந்து நிக்குதுக்கா" என்றாள்.

"தானா வர்றதுக்கு அது என்ன, மழைக்கு மொளைக்கிற காளானா?" என்றேன். முதலாளி சிரித்துவிட்டார்.

பிறகு அவர், "உங்களோட பேஜாராப் போச்சும்மா. இனிமே நீ கவுண்டர மட்டும் பாத்துக்க, கம்ப்யூட்டர தொடாத" என்று அவளிடம் சொன்னார். இரண்டு நாள் துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை மாலை சொல்லாமல் வேலையை விட்டு நின்றுவிட்டாள். கையும் களவுமாகப் பிடித்தோம் என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை நானே முதல் பஸ்ஸில் வந்து கடை திறந்தேன். அவள் போன பிறகும் ஃபைலை எடுத்துக்கொண்டு போகும் பழக்கம் போகவில்லை, பென் டிரைவ் பையில்தான் இருந்தது. ஒருவர் பாஸ்போர்ட் போட்டோவுக்காக ஜல்தி பண்ணினார். பென் டிரைவை எடுக்காமலே ப்ரோகிராமைத் திறந்து படத்தைப் போட்டேன். வெயிலில் கட்டட வேலை செய்கிறவர், திரையில் சுண்ணாம்பு அடித்தாற்போல இருந்தார். அளவு நாற்பது. ஃபைல் இருக்கும் இடத்தைப் பார்த்தேன். புதிதாக ஒன்று இருந்தது. நேரம் 9.07. கடையில் இருந்தவள் நான் ஒருத்திதான்.

அந்த ப்ரோகிராமை எழுதியவர், ஃபைல் இல்லாவிட்டாலோ கெட்டுப்போனாலோ நாற்பது வைத்து நீயே புதிதாக ஒன்று உண்டாக்கிக்கொள் என்று அதற்குச் சொல்லிவைத்திருக்கிறார். நான் முதன்முதலில் நாற்பதைப் பார்த்த அன்று, கரண்ட் போய் வந்ததில் ஃபைல் கெட்டிருக்கும். ஒரு முகத்தையும் பார்க்காமல், மனுஷ முகத்துக்கு நாற்பது வெளுப்பு வேண்டும் என்று எங்கிருந்தோ முடிவுசெய்த அந்த ஆள்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம்தான். ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு மாலையும் ஃபைலை எடுத்துக்கொண்டு போய் அவருக்கு வழிவிட்டவள் நான். பனமலைப் பெண்ணின் படத்தை வெளுத்ததும் நான்தான்.

அவள் விழுப்புரத்தில் ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டு அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். சர்ச்சில் பூசைக்குப் போய்வந்த புடவையோடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். "தப்பு என்னோடதுதான், நீ அன்னைக்கே சொன்ன" என்றேன்.

"சொன்னேன்க்கா" என்றாள். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

கிளம்ப மனமில்லாமல், ஒரு பாஸ்போர்ட் போட்டோ வேண்டும் என்றேன். உட்காரவைத்து எடுத்தாள். படம் திரையில் வந்ததும், கம்ப்யூட்டரை என் பக்கம் முழுக்கத் திருப்பினாள். வெளுப்பின் அளவுமேல் விரலை வைத்து, "பாத்துக்கோங்கக்கா, பூஜ்யம்" என்றாள்.

பார்க்க வேண்டியதில்லை என்று சொல்லியிருக்கலாம். குனிந்து பார்த்தேன்.