ஸ்பீக்கரைக் கழற்றிய கலியமூர்த்தி

டில்லி ஆர்.கே.புரம் மூன்றாவது செக்டாரில் மாடிப்படி ஏறி இடது பக்கம் திரும்பினால் ஒரு கதவு. அதில் பச்சைப் பெயிண்டில் ‘க. கலியமூர்த்தி, பி.எஸ்ஸி. (இயற்பியல்)’ என்று எழுதிய மரப்பலகை தொங்கும். அரசாங்க குவார்ட்டர்ஸ். அவனுடையதில்லை. வேறொருவருக்கு ஒதுக்கிய வீட்டில் ஓர் அறையில் உள்வாடகைக்கு இருந்தான். உள்வாடகைக்காரன் பலகை மாட்டினால் சோதனைக்கு வருகிறவர்களிடம் மாட்டிக்கொள்வோம் என்று வீட்டுக்காரர் பலமுறை சொல்லிப் பார்த்தார். சோதனை என்று பேச்சு அடிபட்டால் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைப்பான். ஆட்கள் போனதும் மறுபடி ஆணியில் ஏற்றிவிடுவான். விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் அவனுடைய ஊரில், சேரியையும் சேர்த்து, பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன். வாங்கிய எழுத்துகளைக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டிருக்க அவனுக்கு மனம் வரவில்லை.

அமைச்சகத்தில் எல்.டி.சி. என்கிற கீழ்நிலை குமாஸ்தா வேலை. காலை ஒன்பதரையிலிருந்து ஃபைலுக்கு எண் போட வேண்டும், டைப் அடிக்க வேண்டும். அங்கே இயற்பியலுக்கு ஒரு வேலையும் இல்லை. அதற்கு வேலை கிடைத்தது சாயங்காலங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும்தான்.

பட்டாபி என்பவர் பக்கத்து அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர். நல்ல பாடகர். டில்லித் தமிழர்களின் பொங்கல், ஆடிக் கிருத்திகை, கல்யாண வரவேற்புகளில் பாடுவதற்கு ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார். கலியமூர்த்தி முதலில் அதில் பெட்டி தூக்கத்தான் போனான். ஒருநாள் கீழ்ச்சுரங்கள் தரும் பேஸ் கிடார் வாசிப்பவர் மாற்றலாகி நாக்பூர் போய்விட, பட்டாபி இவன் விரல்களைப் பார்த்தார். “நீளமா இருக்கே. வாசிச்சுப் பாருமேன்” என்றார். நாலே நாலு தடித்த கம்பி. ஒவ்வொரு கம்பியும் எத்தனை நீளத்துக்கு எந்தச் சுரம் தரும் என்று கலியமூர்த்தி கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டான். மூன்று மாதத்தில் மேடை ஏறினான். அது ஆயிற்று இரண்டு வருஷம்.

கிடார் கல்கத்தாவில் செய்தது. அதோடு ஓர் ஆம்ப்ளிஃபையர். கலைந்துபோன ஏதோ ஓட்டல் பேண்டிடமிருந்து வந்த வால்வு செட். தூக்க இரண்டு ஆள் வேண்டும். பின்பக்கம் திறந்தால் கண்ணாடி வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் கனிந்து நிற்கும். குளிர்காலத்தில் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே சுகம். 1980 டிசம்பரில் அது இரைய ஆரம்பித்தது. பாட்டு ஓய்ந்த இடத்திலெல்லாம் ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம்.

ஜனவரி முதல் வாரம் செவ்வாய்க்கிழமை ஒத்திகையில் பட்டாபி பாதிப் பாட்டில் நிறுத்தினார்.

“கலியமூர்த்தி, யாரோ பின்னாடி நின்னுண்டு முனகறாப்பல இருக்கு. என் சுருதியே போறது. பொங்கல் ப்ரோக்ராம் வரைக்கும் பாக்கறேன். அப்பவும் இந்த மாதிரின்னா, வைதேஹி ஆர்கன்ல இடது கையால பேஸையும் வாசிச்சுடட்டும். ஒரு பெட்டி மிச்சம், ஒரு ஆள்…”

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. ஆர்கன் வாசிக்கும் வைதேஹி குனிந்து நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள்.

டில்லித் தமிழர்களில் பேஸ் கிடாரைப் பற்றிப் பேச இவனுக்குத் தெரிந்து இன்னும் இரண்டே பேர்தான் உண்டு. ஒருவர் ஜோதிலிங்கம், விமானப்படையில் ரேடியோ மெக்கானிக், திருநெல்வேலிக்காரர், தேவாலய இசைக்குழுவொன்றில் பொழுதுபோக்காக வாசிக்கிறவர். இன்னொருவன் சேஷு. டில்லியிலேயே பிறந்தவன், நண்பனைக் கூப்பிடும் இந்தி ‘யார்’ போடாமல் பேசத் தெரியாதவன், கல்லூரியில் இங்கிலீஷ் பாட்டு பேண்டில் வாசித்தவன், இப்போது வங்கியில் இருந்தான். ஞாயிறு காலை கலியமூர்த்தி வீட்டுக்காரரையும் ஒரு கை பிடிக்கச் சொல்லி செட்டை வீட்டுக்கு முன்னால் புல்தரைக்கு இறக்கி வைத்தான். மூன்று பேரும் வெயிலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டு அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“மொதல்ல கம்பி சத்தமே டெட்டா இருக்கு யார்” என்றான் சேஷு. “கழட்டிக் கொதிக்கிற தண்ணில பத்து நிமிஷம் போடுங்கோ. அழுக்கு போயிடும், புதுசாட்டம் பாடும்.”

“கம்பிய வேக வச்சுக் குடிக்கதுக்கா?” என்றார் ஜோதிலிங்கம். “இரையுதது பெட்டிவே. அதுக்குக் கம்பி என்ன செய்யும்?”

“பெட்டிக்கு வால்வை மாத்தணும். அவுட்புட் வால்வு ரெண்டையும் ஜோடியா மாத்தணும்” என்றான் சேஷு.

“தொடாதீரும். எர்த் சரியில்ல, அதான் இரைச்சல்.”

“வால்வைக் கையால தொடக்கூடாது, விரல் எண்ணெய் படும்.”

“அது பல்புக்குச் சொன்னது. வால்வ எடுத்து, அடியில இருக்க கம்பிக் காலுகள நல்லாத் தொடச்சு மாட்டணும்.”

கலியமூர்த்தி கல்லூரிக் காலத்துப் பழக்கத்தில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தான். தொடாதே என்று எழுதினான். அதற்குக் கீழேயே துடை என்று எழுதினான். வாசிப்பதற்கு இருபது நிமிஷம் முன்னால் போட்டுவிட வேண்டும் என்றான் சேஷு. ஐந்து நிமிஷம் போதும், அதற்கு மேல் வால்வின் ஆயுள்தான் குறையும் என்றார் ஜோதிலிங்கம். அதையும் எழுதிக்கொண்டான். வால்வு சத்தம் உருண்டையாக இருக்கும், டிரான்சிஸ்டர் சத்தம் தட்டையாக இருக்கும் என்று இருவரும் சொன்னார்கள். உருண்டை என்றால் என்ன என்று கேட்டான். சேஷு கைகளைக் காற்றில் குவித்துக் காட்டினான். ஜோதிலிங்கம் வேறு மாதிரி குவித்துக் காட்டினார். சத்தத்தின் அலையைப் பற்றிப் பரீட்சையில் எழுபத்தெட்டு மதிப்பெண் வாங்கியவன் அவன். அலைக்கு உருண்டை ஏது என்று யோசித்தவனுக்கு இதில் யாரைக் கேட்பது என்றே விளங்கவில்லை.

கடைசியில் எர்த் வயரையும் இறுக்கினார்கள், வால்வு இரண்டையும் மாற்றினார்கள். இரைச்சல் முக்கால்வாசி அடங்கியது. எதனால் அடங்கியது என்று இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒத்துப்போனார்கள்: புது வால்வு முதலில் பழக வேண்டும். ப்ரோக்ராமுக்கு முன்னால் தினமும் ஒரு மணி நேரம் வாசித்துப் பழக்கிவிட வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் பழக்கத் தொடங்கினான். பத்தாவது நிமிஷத்தில் கீழ்வீட்டு ராஜலக்ஷ்மி மாமி படியேறி வந்தாள்.

“கோச்சுக்காதேடாப்பா. பொண்ணுக்கு போர்டு எக்ஸாம். நீ அங்க டொம்முங்கறே, இங்க எவர்சில்வர் தட்டெல்லாம் ஆடறது.”

“மன்னிச்சுக்குங்க மாமி. இனிமே சத்தமே வராது” என்றான்.

படிக்கிற பிள்ளை என்றால் அவனுக்கு அப்படியொரு மரியாதை. உட்கார்ந்து யோசித்தான். வால்வு பழக வேண்டும், சத்தம் வரக்கூடாது. எழுந்து போய்ப் பெட்டியின் பின்னால் ஸ்பீக்கருக்குப் போகும் வயரைப் பிடுங்கினான். செட்டைப் போட்டான், வால்வு கனிந்தது. கிடாரைத் தட்டினான், ஒரு சத்தமும் இல்லை. மின்சாரம் செலவாக வழியில்லை என்றால் ஓடாது. ஓடாவிட்டால் சூடில்லை, சேதமில்லை. முதல் வருஷப் பாடம். வெகுநாளைக்குப் பிறகு படிப்பு ஒரு காரியத்துக்கு உதவியது என்று அவனுக்கு உள்ளுக்குள் ஒரு நிமிர்வு. வால்வுக்கு நல்ல வேலை கொடுக்க வேண்டுமே என்று வால்யூமையும் முழுதாகத் திருகி வைத்தான்.

மூன்று சாயங்காலம் அப்படி வாசித்தான். மூன்றாவது நாள் உற்றுக் கேட்டபோது, பெட்டிக்குள்ளே கொசு பாடுவதுபோல் தான் வாசிக்கிற பாட்டே மெல்லக் கேட்டது. ஸ்பீக்கர் இல்லாமல் எது பாடுகிறது? குழப்பமாக இருந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. காதைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வேகமான பாட்டு ஒன்றை எடுத்தான். பாதியில் ‘சட்’டென்று ஒரு பொறி. அரக்கு கருகும் வாசனை. கொசு நின்றுவிட்டது.

கீழேயிருந்து மாமியின் குரல் வந்தது. “கலியமூர்த்தி, பாலை அடுப்புல வெச்சுட்டு மறந்துட்டியா? ஏதோ கருகறதே.”

ஜோதிலிங்கம் மறுநாள் வந்து மோந்து பார்த்தார். பெட்டியைத் திறக்கக்கூட இல்லை.

“ஸ்பீக்கர் வயரு எங்கவே?”

“கழட்டிட்டேங்க.”

“எதுக்கு?”

மாமி மகளின் பரீட்சையில் தொடங்கி முதல் வருஷப் பாடம் வரைக்கும் சொன்னான். ஜோதிலிங்கம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நீரு படிச்சது பேட்டரிக்குச் சரி. வால்வு செட்டு அப்படி இல்ல. சத்தம் ஸ்பீக்கர் வழியாப் போகணும். போக எடம் இல்லன்னா உள்ளயே முட்டும், வோல்டேஜ் எகிறும், டிரான்ஸ்ஃபார்மர் கம்பிச் சுத்தப் பொத்துக்கிட்டுப் போயிரும். இப்ப அதான் போயிட்டு.”

“இத நீங்க ரெண்டு பேரும் அன்னிக்குச் சொல்லவே இல்லைங்களே. நோட்டுல இல்லைங்க.”

“கழட்டுவேன்னு நீரு சொன்னீரா?”

சாப்பிடும்போது வாயைத் திற என்று யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. தப்பு யாருடையது, தன்னுடையதா, பாடத்துடையதா என்று அவனுக்குப் புரியவில்லை. லஜ்பத் ராய் மார்க்கெட்டில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகிறவன் பத்து நாள் கேட்டான். ப்ரோக்ராமுக்கு இருந்தது இரண்டு நாள்.

“பட்டாபி சார்கிட்ட என்னன்னு சொல்றது? நாலு வார்த்தை சொல்றதுக்குள்ள வைதேஹின்னுடுவாரு” என்றான்.

ஜோதிலிங்கம் கடுகடுவென்று எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். பிறகு, “எங்க வீட்டு ரேடியோ வால்வு செட்டுதான். பின்னால கிராமபோன் மாட்டுததுக்கு ஓட்டை இருக்கு. அதுல கிடார மாட்டும். சத்தம் கொஞ்சமாத்தான் வரும். முன்னால ஒரு மைக்க வச்சா மத்தத மைக் பாத்துக்கிடும்” என்றார். கொஞ்சம் யோசித்து, “இதுல ஸ்பீக்கர் உள்ளயே இருக்கு. நீரு கழட்ட முடியாது” என்றும் சொன்னார்.

மோதி பாக் மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். ஜனவரிக் காற்று துணியைப் படபடவென்று அடித்தது. கலியமூர்த்தி ரேடியோவை இரும்பு நாற்காலியில் வைத்தான். மேடையில் இருந்த ஒரே காலி இடம் பட்டாபியின் முதுகுக்குப் பின்னால்தான்.

பட்டாபி திரும்பிப் பார்த்தார். “என்னய்யா இது? நாம பாடறதா, இல்லே ஆகாசவாணி பாடறதா?”

“செட்டு ரிப்பேருங்க சார். இன்னிக்கு மட்டும்.”

“முனகித்துன்னா ரெண்டாவது பாட்டோட நிறுத்திடணும். சொல்லிட்டேன்.”

மைக் செட்டுக்காரர் ஒரு சர்தார்ஜி. ரேடியோவுக்கு முன்னால் மைக் வைக்கச் சொன்னபோது ஏற இறங்கப் பார்த்தார், ஆனால் வைத்தார். நிகழ்ச்சி தொடங்கியது. கலியமூர்த்திக்குத் தன் சத்தம் கேட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. கேட்டதுபோலவும் இருந்தது, விரலில் உணர்ந்ததுபோலவும் இருந்தது. ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் பட்டாபி இதோ திரும்புவார், நிறுத்து என்பார் என்று காத்திருந்தான். அவர் திரும்பவே இல்லை. பதினாறு பாட்டும் முடிந்தது.

இறங்கும்போது பட்டாபி அவன் தோளில் தட்டினார். “இன்னிக்கு பேஸ் பிரமாதம். முனகலே இல்லை.”

கலியமூர்த்திக்குக் காது சூடாகிவிட்டது. மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த சர்தார்ஜியிடம் போய் நன்றி சொன்னான். அவர் சிரித்துக்கொண்டே, “வோ மைக்? தூஸ்ரே கானே மே ஹி பந்த் கர் தியா, பையா” என்றார். ஒலிபெருக்கி விசில்போல் கூவியதால் இரண்டாவது பாட்டிலேயே அந்த மைக்கை மூடிவிட்டாராம்.

கூட்டத்திலிருந்து சேஷு வந்தான். “பேஸே கேக்கலை யார். நீங்க சும்மா விரலை ஆட்டறேள்னு நெனச்சேன்.”

அப்படியானால் பட்டாபி எதைக் கேட்டார்? வைதேஹி இடது கையால் வாசித்திருப்பாள். அவளிடமே கேட்டான்.

“நானா? காத்துல நோட்புக் பறக்கறது. லெஃப்ட் ஹேண்டால அதைப் பிடிச்சுண்டே இருந்தேன், ஃபுல் ப்ரோக்ராம்” என்றாள்.

பட்டாபி டீ குடித்துக்கொண்டிருந்தார். பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம். பிரமாதம் என்ற வார்த்தை கைக்கு வந்தாயிற்று. ஆனால் வாசித்துக் கிடைத்ததா, வாசிக்காமலே கிடைத்ததா என்று தெரியாத ஒன்றை எடுத்துக்கொண்டு போக அவனால் முடியவில்லை. எதிரில் போய் நின்று, ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கியதிலிருந்து மைக் மூடியது வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

பட்டாபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஜனங்களுக்குக் கேக்கவே இல்லைங்கறீர்.”

“ஆமாங்க சார்.”

“நேக்கு நன்னாக் கேட்டதே.”

“உங்க முதுகுக்குப் பின்னாடியே இருந்துதுங்க. உங்களுக்கு மட்டுந்தான் கேட்டிருக்கும்.”

அவர் திரும்பி மேடையைப் பார்த்தார். “இன்னிக்கு ஒரு இடத்துலகூட நான் சுருதி விலகலை ஓய். என்னமோ, காலுக்கடியில தரை கெட்டியா இருந்துது.” பிறகு, “அடுத்த மாசம் ஒரு ரிசப்ஷன். ரேடியோவை எடுத்துண்டு வந்துடும். அதே நாற்காலி, அதே இடம். மைக் வேண்டாம்” என்றார்.

“மைக் இல்லாம யாருக்குங்க சார் கேக்கும்?”

“நேக்குக் கேக்குமே.”

பஸ் ஸ்டாப்பில், ரேடியோவுக்குத் துணையாக வந்திருந்த ஜோதிலிங்கமும் கலியமூர்த்தியும் நின்றார்கள். ரேடியோ அவன் கையில் இருந்தது. கிடார் அவர் தோளில் இருந்தது.

“என்ன சொன்னாரு? குழுவுல இருக்கீரா, இல்லியா?”

“இருக்கேங்க. ஆனா ஜனங்களுக்குக் கேக்க வேணாமாம். அவருக்கு மட்டும் வாசிக்கணுமாம்.”

“அது ஏத்தமா, எறக்கமா?”

“அதாங்க தெரியல.”

ஜோதிலிங்கம் கிடாரைத் தோள் மாற்றிக்கொண்டார். “போயிக் கேட்டுட்டு வாரும்.”

“கேட்டா மனசு மாறிடப் போறாருங்க.”

தமிழர் குடிசைகள் இருக்கும் மதராசி கேம்ப் பக்கம் போகும் பஸ் வந்தது. அது அவர்கள் பஸ் இல்லை. கலியமூர்த்தி அடுத்த பஸ்ஸுக்காகக் காத்திருந்தபடி, செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்காமலே வந்துவிட்டதை நினைத்துக்கொண்டான். ஆறு மணிக்கே போய்விடுவது என்று முடிவு செய்தான்.